கீரைக்கட்டைக் கவசமாக்கும் வித்தை

சென்ற மாத இதழில், வளரும் மூளையை ஈயம் முதலான உலோக நஞ்சுகளிலிருந்து காக்கும் உணவுகள் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று வெளியானது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள், நெல்லிக்காய், பூண்டு, கொத்தமல்லி, மஞ்சள் என்று வரிசையாகப் புகழ்ந்துகொண்டே போய்க் கட்டுரையாளர் வந்து நிற்கும் இடம் இதுதான்: ஈயம் காற்றிலும் மண்ணிலும் தண்ணீரிலும் கலந்துவிட்டது, இனி அதை ஒழிக்க முடியாது. ஆகவே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று துரத்திக்கொண்டு அலையாமல் குழந்தையின் உடம்பைத் தயார்செய்ய வேண்டும். அக்கறையுள்ள தாய் சமைக்கும் வீட்டில் ஈயம் ஒன்றும் செய்துவிடாது. ரத்தத்தில் ஈயம் பார்க்கும் பரிசோதனை பயமுறுத்திப் பணம் பறிக்கும் வேலை. பழைய பேட்டரி உருக்கும் பட்டறைகளை மூடச் சொல்பவர்கள் ஏழைகளின் பிழைப்பில் மண்ணைப் போடுகிறவர்கள்.

படிக்க இதமான கட்டுரைதான். அதனால்தான் அதன் பக்கங்களைப் படமெடுத்துப் பள்ளிப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஓடவிட்டிருக்கிறார்கள். பேசாமல் இருந்திருப்பேன், அந்தப் படத்தை எனக்கே ஒருவர் அனுப்பி, "இதுபோதும் போலிருக்கிறதே, டெஸ்ட் எதற்கு?" என்று கேட்ட பிறகு முடியவில்லை.

கட்டுரையாளர் சொன்னதில் உண்மையான பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அது சிறிய பகுதியும் அல்ல. சிறுகுடலின் சுவரில் இரும்புச்சத்தை உள்ளே இழுக்கும் புரதம் ஒன்று இருக்கிறது, டிஎம்டி-1 என்பார்கள். இரும்பையும் ஈயத்தையும் பிரித்துப்பார்க்க அதற்குச் சரியாகத் தெரியாது. ரத்தசோகை உள்ள குழந்தையின் உடல், கிடைக்கிற இரும்பையெல்லாம் பிடித்துவிட வேண்டும் என்று இந்தப் புரதத்தைக் கூடுதலாக உற்பத்தி செய்கிறது. கூடவே ஈயமும் ஏறிக்கொள்கிறது. கால்சியத்துக்கும் ஈயத்துக்கும் இதே மாதிரியான போட்டி உண்டு. வயிறு காலியாக இருந்தால் ஈயம் பல மடங்கு அதிகமாக ரத்தத்தில் சேரும். விழுங்கிய ஈயத்தில் பெரியவர்களின் உடம்பு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால், சிறு குழந்தையின் உடம்பு பாதிவரைகூட எடுத்துக்கொள்ளும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 57 விழுக்காடு. சத்துணவிலும் அங்கன்வாடி மாவிலும் இரும்புச்சத்தைக் கூட்டு என்று யாராவது மனு எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும்.

ஆனால் கட்டுரையாளர் மனு எழுதவில்லை. தீர்ப்பு எழுதியிருக்கிறார். அந்தத் தீர்ப்புக்கு அவர் காட்டும் முதல் சாட்சியையே கூண்டில் ஏற்றிப் பார்க்கலாம்.

பெங்களூரில் நடந்த ஆய்வு அது, 2006இல் வெளிவந்தது. ஐந்து முதல் ஒன்பது வயது வரையுள்ள, இரும்புச்சத்துக் குறைந்த ஏழைப் பிள்ளைகள் 134 பேர். ஒரு பிரிவுக்கு இரும்புச்சத்து சேர்த்த அரிசிச் சாப்பாடு. இன்னொரு பிரிவுக்கு வெறும் சாப்பாடு. வாரத்துக்கு ஆறு நாள், 16 வாரம். இரும்புச்சத்து சாப்பிட்டவர்களில், டெசிலிட்டர் ரத்தத்தில் 10 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் ஈயம் இருந்தவர்கள் 65 விழுக்காட்டிலிருந்து 29 விழுக்காடாகக் குறைந்தார்கள். அருமையான ஆய்வு. கட்டுரையாளர் இதைச் சொல்லிவிட்டு வெற்றிக்கொடி நாட்டிவிடுகிறார்.

அந்த 29 விழுக்காட்டினர் என்ன ஆனார்கள்? நான்கு மாதம் விஞ்ஞானிகள் அளந்து போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்ட பிறகும் பத்தில் மூன்று பிள்ளைகள் 10 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கவில்லை. 10 என்பதாவது பாதுகாப்பான அளவா என்றால், அதுவும் கிடையாது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் கவலைப்பட வேண்டிய அளவை 10இலிருந்து 2012இல் 5 ஆகவும், 2021இல் 3.5 ஆகவும் இறக்கிவிட்டது. பாதிப்பே இல்லாத அளவு என்று எதையும் சொல்ல முடியாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. சாட்சி உண்மையைத்தான் சொல்கிறது: சாப்பாடு கொஞ்சம் குறைக்கும், காப்பாற்றாது. வழக்கறிஞர்தான் பாதி வாக்குமூலத்தோடு சாட்சியை இறக்கிவிட்டார்.

இந்தக் "கொஞ்சம் குறைக்கும்" என்பதை மூளையின் கணக்கில் பார்த்தால் இன்னும் சங்கடம். 2005இல் புரூஸ் லான்ஃபியரும் கூட்டாளிகளும் பல நாடுகளில் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்ட 1,333 குழந்தைகளின் தரவை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ரத்த ஈயம் 2.4இலிருந்து 10க்கு ஏறும்போது நுண்ணறிவு ஈவில் 3.9 புள்ளி போகிறது. 10இலிருந்து 20க்கு ஏறினால் கூடுதலாக 1.9. 20இலிருந்து 30க்கு 1.1. பெரிய சேதம் முதல் பத்துக்குள்ளேயே நடந்துவிடுகிறது. ஆக, கீரையும் கேழ்வரகும் சேர்ந்து ஒரு குழந்தையை 20இலிருந்து 12க்கு இறக்கிவிட்டன என்றே வைத்துக்கொள்வோம் (தாராளமாகத்தான் வைத்துக்கொள்கிறேன்), மிச்சமிருக்கும் 12தான் அதிகம் பறித்துக்கொண்டு போகும் 12. இதைத் தெரிந்துகொண்டு மறைத்தாரா, தெரியாமல் எழுதினாரா? எதுவானாலும் பெற்றோருக்கு அறிவுரை சொல்ல உட்கார்ந்திருக்கக் கூடாது.

அடுத்து, கட்டுரையில் இடம்பெறாத ஆய்வுகள். அவர் விட்டுவைத்த பட்டியல் அவர் கொடுத்த பட்டியலைவிடப் பெரியது.

2001இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வு இத்துறையில் இருப்பவர்கள் யாருக்கும் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. அமெரிக்காவில் பால்டிமோர், பிலடெல்பியா உள்ளிட்ட நகரங்களில் ரத்த ஈயம் 20 முதல் 44 வரை இருந்த 780 குழந்தைகள். ஒன்று முதல் மூன்று வயதுக்குள். பாதிப் பேருக்கு சக்சிமர் என்ற மருந்து. ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து அது. கொத்தமல்லியைப் போல வதந்தி இல்லை, நிஜமாகவே வேலை செய்வது. மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. இரு பிரிவுக்கும் விட்டமின், தாதுச்சத்து மாத்திரைகளும் கொடுத்து வீட்டையும் சுத்தம் செய்துகொடுத்தார்கள். மருந்து சாப்பிட்ட பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் குறைந்தது. மூன்றாண்டு கழித்து அறிவுத்திறனைச் சோதித்தபோது இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. ஈயத்தை வெளியே இழுக்கும் வலுவான மருந்தே, மூளையில் நடந்துவிட்டதை நடக்காததாக ஆக்க முடியவில்லை. இதே வேலையை ஒரு கிண்ணம் சட்னி செய்துவிடும் என்கிறார் இவர்.

மெக்சிகோவின் டொரியோன் நகரத்தில் உலோக உருக்காலைக்குப் பக்கத்தில் படித்த 602 முதல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆறு மாதம் இரும்பு, துத்தநாகம், இரண்டும் சேர்த்து, போலி மாத்திரை என்று பிரித்துக் கொடுத்தார்கள். அறிவாற்றல் தேர்வுகளில் சொல்லிக்கொள்ளும்படியான பலன் எதுவும் இல்லை என்று 2006இல் எழுதினார்கள். ஈய பாதிப்புள்ள குழந்தைகளுக்குக் கால்சியம் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்று 2004இல் வந்தது. ரத்த ஈயம் அதனால் குறையவில்லை. கர்ப்பிணிகளின் விஷயத்தில் கால்சியம் கொஞ்சம் நன்றாகவே நடந்துகொள்கிறது: மெக்சிகோ நகரத்தில் தினம் 1,200 மில்லிகிராம் கொடுத்ததில் ரத்த ஈயம் சராசரியாக 11 விழுக்காடு குறைந்தது. கொடுக்க வேண்டியதுதான். ஆனால் 10 இருந்த இடத்தில் 9 ஆவதற்குப் பெயர் கவசமா?

இனி எலிகள். கொத்தமல்லி ஈயத்தை வெளியேற்றும் என்ற நம்பிக்கைக்கு மூலம் 2001இல் ஜப்பானில் எலிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு. ஈரானில் மூன்று முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்கே கொத்தமல்லிச் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். போலி மருந்தைவிட மேலாக எதையும் அது செய்யவில்லை. பூண்டுக்கு ஆதாரம், ஈரானில் கார் பேட்டரித் தொழிற்சாலையில் வேலை செய்த பெரியவர்களிடம் செய்த ஆய்வு. வளர்ந்து முடிந்த மூளைகள் அவை. கட்டுரையின் தலைப்போ வளரும் மூளை. எலி ஆய்வுகளில் இன்னொரு சௌகரியம் உண்டு. ஈயத்தையும் சத்தையும் ஒரே நாளில், ஏன், சத்தை முன்கூட்டியேகூடக் கொடுக்கலாம். எந்த நாளில் எவ்வளவு போக வேண்டும் என்பது ஆய்வாளரின் கையில் இருக்கிறது. நம் வீட்டுக் குழந்தைக்கு ஈயம் எப்போது, எவ்வளவு வருகிறது என்று யார் சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள்?

குடலின் போட்டியைப் பற்றி இவ்வளவு எழுதியவர், மூச்சுக்காற்றைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஈயப் புகை நுரையீரலுக்குள் போனால் அங்கே இரும்பும் கால்சியமும் வாசலில் நின்று போட்டி போடுவதில்லை. பழைய இன்வெர்ட்டர் பேட்டரியைக் கோடாலியால் பிளந்து, அமிலத்தை மண்ணில் கவிழ்த்து, கறுத்த தகடுகளைச் சட்டியில் போட்டு உருக்குகிற பட்டறையின் பக்கத்துத் தெருவில் இருப்பது விழுங்கும் ஈயம் மட்டுமல்ல. மாலையில் அங்கே வேலை பார்த்தவர் வீட்டுக்கு வருகிறார். சட்டை மடிப்பிலும் கைலியிலும் தலைமுடியிலும் சாம்பல் நிறத் தூசி. வந்ததும் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறார். அது அவர் சட்டைப் பொத்தானைக் கடிக்கிறது. துவைக்கப் போடும் முன் மனைவி கைலியை வாசலில் உதறுகிறாள். மறுநாள் அதே வாசலில் பிள்ளை தவழ்கிறது. இந்த வீட்டுக்கு நம் கட்டுரையாளரின் மருத்துவம், வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரைப் பொரியல்.

மூளையில் நடப்பது என்ன என்பதை அவர் ஒரு பத்தியில் தாண்டிவிட்டதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கருவிலும் பிறந்த முதல் சில ஆண்டுகளிலும் மூளை நரம்பு இணைப்புகளைக் கணக்கில்லாமல் உண்டாக்குகிறது. பிறகு வேண்டாதவற்றைக் கழித்துக்கொண்டே போகிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதில் கால்சியத்தின் சைகைக்குப் பெரிய பங்கு. ஈயம் கால்சியம் மாதிரி நடிக்கும். மிகச் சொற்ப அளவிலேயே அந்தச் சைகைகளைக் குழப்பும். நஞ்சுக்கொடியைத் தாண்டும். தாயின் எலும்பில் அவளுடைய சிறுவயதில் படிந்த ஈயம், பத்து இருபது ஆண்டுகள் அங்கேயே கிடந்து, கர்ப்ப காலத்தில் எலும்பு கரையும்போது கிளம்பி வந்து சிசுவுக்குப் போகும். ரத்தத்தில் மாதக்கணக்கில் குறைந்துவிடும் ஈயம் எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும். இன்றைக்குக் கர்ப்பிணி சாப்பிடும் நெல்லிக்காய், அவள் ஐந்து வயதில் நக்கிய ஜன்னல் கம்பியின் பெயிண்டை எட்டிப்பிடிக்க வேண்டும் என்றால் எட்டுமா?

மஞ்சளுக்கு வருகிறேன். கட்டுரையில் அரைப்பக்கம் மஞ்சளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது; அதிலுள்ள குர்குமின் மூளையைக் காக்கும் என்று. கட்டுரையாளர் தேர்ந்தெடுத்த எல்லா உணவுகளிலும் இதைவிடத் துரதிர்ஷ்டமான தேர்வு இருக்க முடியாது.

வங்கதேசத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்தது. பக்கத்தில் உருக்காலை இல்லை, பெயிண்ட் ஆலை இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜென்னா ஃபோர்சித்தும் டாக்கா ஆய்வாளர்களும் மண், அரிசி, டப்பா என்று ஒவ்வொன்றாகத் தேடி, கடைசியில் மஞ்சளில் வந்து நின்றார்கள். 1980களில் வெள்ளத்தில் நனைந்து நிறம் மங்கிய மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்றுவதற்காகத் தொடங்கிய வழக்கம் அது. காய்ந்த மஞ்சள் கிழங்கைத் தோல் நீக்கும் உருளையில் போட்டுச் சுழற்றும்போது ஒரு கை மஞ்சள் நிறப் பொடியைத் தூவுவார்கள். பெயிண்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நிறமேற்றுகிற லெட் குரோமேட், அதாவது ஈயச் சேர்மம். கிழங்கு தங்கம் மாதிரி மின்னும். வியாபாரி கூடுதல் விலை கொடுப்பான். இந்தக் கலப்படம் அந்த நாட்டோடு நின்றுவிடவில்லை. பாட்னாவில் வாங்கிய மஞ்சளில் கிராமுக்கு 1,000 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்ததாக அதே குழுவின் பிந்தைய ஆய்வு சொல்கிறது. நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட அளவு 10.

வேலியே பயிரை மேய்ந்த கதை என்று சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. ஏனென்றால் இந்தக் கதையின் மிச்சம்தான் கட்டுரையாளரின் அடிப்படை வாதத்தை உடைக்கிறது. ஈயத்தை ஒழிக்க முடியாது என்கிறார் அல்லவா? 2019இல் வங்கதேச அரசு இரண்டு மொத்த வியாபாரிகளைப் பிடித்து அபராதம் போட்டது. சந்தைகளில் நோட்டீஸ் ஒட்டினார்கள், தொலைக்காட்சியில் சொன்னார்கள், துப்பாக்கி மாதிரிக் கையில் பிடித்துச் சோதிக்கும் எக்ஸ்ரே கருவியை மொத்தச் சந்தைக்கே கொண்டுபோனார்கள். அந்த ஆண்டு சந்தை மஞ்சளில் 47 விழுக்காட்டு மாதிரிகளில் ஈயம் இருந்தது. 2021இல் ஒன்றிலும் இல்லை. மில் தொழிலாளர்களின் ரத்த ஈயமும் இறங்கியது. ஒரு குழந்தைக்கும் கூடுதலாகக் கீரை ஊட்டாமல் நடந்த காரியம் இது.

பெட்ரோலும் அப்படித்தான். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் சராசரி ரத்த ஈயம் 15. பெட்ரோலிலிருந்தும் டின் டப்பாக்களின் பற்றவைப்பிலிருந்தும் ஈயத்தை எடுத்தார்கள். 1990 வாக்கில் சராசரி 4க்கும் கீழே. இந்தியாவில் 2000இல் ஈய பெட்ரோல் நின்றது. மும்பையில் 10க்கு மேல் ஈயம் இருந்த பிள்ளைகள் 1997இல் 62 விழுக்காடு. பெட்ரோல் மாறியபின் பார்த்தபோது 33. ஒழிக்க முடியாது என்று 1975இல் சொன்னவர்களும் இருந்தார்கள். பெரும்பாலும் சம்பளத்துக்குச் சொன்னார்கள். நம்மவர் இலவசமாகச் சொல்கிறார்.

எல்லாம் ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை. சென்னையில் மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள 756 பிள்ளைகளிடம் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து எடுத்த கணக்கு 2009இல் வந்தது: சராசரி 11.4. பெட்ரோலில் ஈயம் நின்று பல ஆண்டுகள் ஆனபிறகும் இந்த நிலை. ஈயம் ஏற ஏறப் பிள்ளைகளின் கவனக்குறைவும் நடத்தைச் சிக்கல்களும் கூடியதை ஆசிரியர்களின் மதிப்பீடுகளே காட்டின. அதாவது, "இவன் ஒரு இடத்தில் உட்கார மாட்டான் சார்" என்று ஆசிரியர் பெற்றோரை வரவழைத்துக் குறைசொல்லும் அந்தப் பிள்ளை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்ட் இன்னும் ஜன்னலிலும் கிரில் கதவிலும் தொட்டிலிலும் இருக்கிறது, உரியும்போது பொடியாகிறது. உரிந்த பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுப்பெயிண்ட் அடிக்கும் நாளில் குழந்தையை வீட்டில் வைத்திருக்காதே என்ற ஒரு வரி, அவருடைய எட்டு உணவுக் குறிப்புகளைவிட அதிகப் பிள்ளைகளுக்கு உதவியிருக்கும். கூரை ஒழுகும் வீட்டில் உட்கார்ந்து தரை துடைக்கும் துணியின் தரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்.

அவர் பரிந்துரைக்கும் ரசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூண்டும் மஞ்சளும் கொத்தமல்லியும் போட்ட ரசத்தைப் பழைய முறைப்படி ஈயச் சொம்பில் வைக்கச் சொல்கிறார். நல்ல சொம்பு வெள்ளீயத்தால் செய்வது, அதில் தீங்கில்லை. ஆனால் விலை குறைய வேண்டும் என்று காரீயம் கலந்த சொம்புகள் சந்தையில் உண்டு. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. புளித்தண்ணீர் அந்தச் சொம்பில் கொதித்தால் ரசத்தில் இறங்குவது எது என்று அவருக்குத் தெரியாதா? ஈய நஞ்சுக்கு எதிரான கட்டுரையில் இந்தக் குறிப்பை அச்சேற்றிய ஆசிரியர் குழுவுக்கும் இதில் பங்கு உண்டு.

நாட்டு மருந்துக்கடைப் பொடிகளையும் லேகியங்களையும் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்திருப்பதும் அதே ரகம். 2004இல் வெளிவந்த ஆய்வொன்றில், பாஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. எல்லா மருந்தும் கெட்டது என்று நான் சொல்லவில்லை. சோதித்த சீட்டு இல்லாமல் இரண்டு வயதுப் பிள்ளையின் வாயில் வைக்காதீர்கள் என்கிறேன். சத்தானது என்று நம்பித்தான் 2023இல் அமெரிக்கப் பெற்றோர்கள் பட்டை சேர்த்த ஆப்பிள் கூழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். ஈக்வடாரில் அரைத்த பட்டைப்பொடியில் லெட் குரோமேட் இருந்தது. முழுப் பட்டை போனது இலங்கையிலிருந்து. அதில் ஈயம் இல்லை, அரைத்த இடத்தில்தான் சேர்ந்தது. சில வீடுகளில் இது தெரியவந்தது எப்படி? குழந்தைக்கு வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில். நம் கட்டுரையாளர் பணம் பறிக்கும் வேலை என்று எழுதியிருக்கிறாரே, அந்தப் பரிசோதனையில்.

ஈயத்துக்குப் பெரும்பாலும் வெளியில் தெரியும் அறிகுறி கிடையாது என்பதால்தான் பரிசோதனை. 15 மைக்ரோகிராம் ஈயம் உள்ள பிள்ளை ஓடும், சிரிக்கும், சாப்பிடும். கீரை சாப்பிட்டுச் செழிப்பாகவும் இருக்கும். "நம் பிள்ளைதான் நன்றாகச் சாப்பிடுகிறானே" என்று தாய் பரிசோதனையைத் தள்ளிப்போடுவாள். பக்கத்தில் உருக்கும் பட்டறை இருந்தால் அது இன்னும் ஓராண்டு நிம்மதியாகப் புகை விடும். இதமான கட்டுரைகள் செய்யும் கெடுதல் இப்படித்தான் நடக்கிறது. யார் பெயரிலும் பழி விழாது.

இல்லை, விழும். தாயின் மேல் விழும். அக்கறையுள்ள தாய் இருந்தால் ஈயம் ஒன்றும் செய்யாது என்ற வாக்கியத்தைத் திருப்பிப் படியுங்கள். ஈயம் ஏறிய பிள்ளையின் தாய் அக்கறையில்லாதவள் என்று ஆகிறது. இது கட்டுரையாளரின் சொந்தச் சரக்குகூட இல்லை. 1950களில் அமெரிக்க ஈயத் தொழில் சங்கத்தின் சுகாதாரப் பிரிவுக்குத் தலைவராக இருந்த மான்ஃப்ரெட் பௌடிச், பெயிண்டைத் தின்று பிள்ளைகள் சாவதற்குக் காரணம் சேரிகளும் அங்கே இருக்கும் படிப்பறிவில்லாத கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோ பெற்றோர்களும்தான் என்று எழுதிக்கொண்டிருந்தார். பெயிண்ட் நிறுவனங்கள் நல்லவர்கள், ஜன்னல் கட்டையைக் கடிக்கவிட்ட தாய் கெட்டவள். 1979இல் ஹெர்பர்ட் நீடில்மேன், பாஸ்டன் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் விழுந்த பால்பற்களை வாங்கி, பல்லில் ஈயம் கூடக்கூட அறிவுத்திறனும் கவனமும் குறைவதைக் காட்டினார். அந்தப் பிள்ளைகள் யாரும் நோயாளிகள் அல்ல. வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்கள். தாய்மேல் பழிபோட வழியில்லாமல் போனது. பிறகு அவர்மேல் மோசடிக் குற்றச்சாட்டு கிளப்பினார்கள். விசாரணைகளில் அவர் மோசடி செய்யவில்லை என்று முடிவானது. ஏழு பத்தாண்டு கழித்து, அங்கே தோற்ற வாதத்துக்கு இங்கே கீரைக்கட்டைக் கட்டிக் கூட்டிவந்திருக்கிறார்கள்.

ஏழைகளின் பிழைப்பு என்ற வாதத்துக்கு அதிகம் செலவழிக்க ஒன்றுமில்லை. முதலில் நஞ்சேறுவது அந்த ஏழையின் பிள்ளைக்குத்தான். பழைய பேட்டரியை உறிஞ்சுவிசிறியும் வடிகட்டியும் உள்ள ஆலையில் உருக்கினாலும் அதே ஆளுக்கு வேலை உண்டு. வெளியே போகும்போது உடை மாற்றிக் குளிக்க ஓர் அறை வேண்டும், அவ்வளவுதான். அதற்குக் காசு செலவாகும் என்பதுதான் இங்கே உண்மையான பிரச்சினை. அதை ஏழையின் பெயரில் பேச வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சத்துணவுக்கு இடம் இருக்கிறது. ரத்த ஈயம் 5ஐ எட்டினாலே ஈயம் வரும் இடத்தைக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது முதல் வேலை. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இரும்போ கால்சியமோ போதாமல் இருந்தால் அதையும் கொடுக்க வேண்டும் என்பது அதனோடு வருவது. 45ஐ எட்டினால் ஈயத்தை வெளியேற்றும் மருந்து. கட்டுரையாளர் இதில் இரண்டாவதை மட்டும் உருவியெடுத்து, முதலாவதைக் கேலி செய்து, மூன்றாவதைப் பற்றித் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. சாப்பாட்டைப் பற்றியே எழுத வேண்டும் என்று இருந்தாலும், பிள்ளையைப் பசியோடு வைக்காதீர்கள், இடையிடையே ஏதாவது கொடுங்கள் என்று எழுதியிருக்கலாம். வெறும் வயிற்றில் ஈயம் அதிகம் ஏறும் என்பதால் உருப்படியான அறிவுரை அது. அதற்குக் கொத்தமல்லி மாதிரி கவர்ச்சி இல்லை.

அடுத்த இதழில் பாதரசத்தைப் பற்றி எழுதப்போவதாகவும், மீனில் இருக்கும் செலினியம் பாதரசத்தைச் செயலிழக்கச் செய்வதை விளக்கப்போவதாகவும் அறிவித்திருக்கிறார். எழுதட்டும். செலினியத்துக்கும் பாதரசத்துக்கும் வேதியியல் உறவு உண்டு, மறுக்க மாட்டேன். எழுத உட்காரும் முன் ஜப்பானின் மினமாட்டாவை ஒருமுறை புரட்டிப்பார்த்துவிடட்டும். அங்கே நஞ்சேறியவர்கள் தினமும் மீன் சாப்பிட்ட மீனவக் குடும்பங்கள். செலினியத்துக்குக் குறைவே இல்லாத சாப்பாடு. தனக்கு ஒரு அறிகுறியும் இல்லாத தாய்மார்களுக்குக்கூட மூளை சிதைந்த பிள்ளைகள் பிறந்தார்கள். நோய் 1956இல் வெளியே தெரிந்தது. 1959இல் கரிமப் பாதரசம்தான் காரணம் என்று குமாமோட்டோ பல்கலைக்கழகம் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் பாதரசக் கழிவைக் கடலில் விட்டுவந்த சிஸ்ஸோ நிறுவனம் ஊரைக் கூட்டிப் புதுச் சுத்திகரிப்புக் கருவி ஒன்றைத் திறந்துவைத்தது. அந்தக் கருவியால் பாதரசத்தைப் பிரிக்க முடியாது. கழிவு 1968 வரை கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. அந்த ஒன்பது ஆண்டுகளில் கருவுற்ற பெண்கள் எந்த மீனைச் சாப்பிட்டிருக்க வேண்டும் என்பதையும் கட்டுரையாளர் சேர்த்து எழுதட்டும்.